ஆட்டுக்கால் சூப்: கால் வாங்குவது முதல் கிண்ணத்தில் ஊற்றுவது வரை

ஆட்டுக்கால் சூப் வைக்கப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் கேட்பது மசாலா அளவுதான். மிளகு எத்தனை கரண்டி, சீரகம் எத்தனை கரண்டி என்று கவனமாக எழுதிக்கொள்வார்கள். ஆனால் மசாலா கடைசிப் பத்து நிமிட வேலை. சூப் மணமாக அமைவதும், வாடை அடித்து யாரும் தொடாமல் போவதும் அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. காலைச் சுத்தம் செய்வது, முதல் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டுவது, பொறுமையாக வேகவிடுவது, இந்த மூன்றும் சரியாக இருந்தால் மசாலா கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் சூப் நன்றாகவே வரும்.

இங்கே சொல்லும் அளவு நாலு காலுக்கு, அதாவது ஒரு செட். ஆறு பேர் ஒரு வேளை குடிக்கலாம். மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் நீங்கள் நின்று செய்ய வேண்டிய வேலை ஒரு மணி நேரம்தான்.

1. கடையில் கேட்டு வாங்குவது

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போய்க் கால் கேட்டால் கிடைக்காது. பல கடைகளில் சூப் கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் முன்பே சொல்லிவைத்து எடுத்துப்போய்விடுவார்கள். முதல் நாள் மாலையே கடைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, கால் ஒரு செட், வாட்டினது. குளம்பு எடுத்துருங்க. மூட்டுல ஒரு வெட்டு, நடுவுல ஒரு வெட்டு, அது போதும்.” இந்த வெட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கறி வெட்டுவதுபோலப் பொடிப்பொடியாக வெட்டித் தந்துவிடுவார்கள். எலும்பு நொறுங்கினால் ஊசி மாதிரிச் சில்லுகள் சூப்பில் கலக்கும், தொண்டையில் குத்தும். வெட்டவே கூடாது என்றும் இல்லை. நடுவில் ஒரு வெட்டு விழுந்தால்தான் உள்ளே இருப்பது தண்ணீரில் இறங்கும், துண்டும் குக்கருக்குள் அடங்கும்.

வாட்டிய கால் என்றால் தீயில் காட்டி மயிரைப் பொசுக்கிய கால். விறகிலோ கேஸிலோ வாட்டியதாக இருந்தால் சரி. பழைய டயர், பிளாஸ்டிக் போட்டு எரிக்கும் இடமென்றால் அங்கே வாங்காதீர்கள். அந்தப் புகை தோலில் படியும், எத்தனை முறை கழுவினாலும் போகாது.

நல்ல காலின் அடையாளம்: வெட்டிய இடத்தில் எலும்பு வெளிர் சிவப்பாக இருக்கும், தோல் விரலுக்கு வழுவழுப்பாகப் பிசுபிசுக்காது, புகை வாசனை தவிர வேறு புளித்த வாடை வராது. இளம் ஆட்டின் கால் மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் வேகும். முற்றிய ஆட்டின் கால் பருமனாக இருக்கும், வேக நேரம் எடுக்கும், ஆனால் சூப்புக்கு அதுதான் கனம் கொடுக்கும்.

கால் கிடைக்காத நாளில் நெஞ்செலும்பு வாங்கலாம். அதில் கறியின் ருசி அதிகம், பிசின் குறைவு. வேகும் நேரமும் 35 முதல் 40 நிமிடம் போதும்.

2. அடுப்பைப் பற்றவைக்கும் முன் எடுத்து வைப்பவை

ஐந்து லிட்டர் குக்கர். மூன்று லிட்டர் குக்கரில் நாலு காலையும் அடைக்கப் பார்க்காதீர்கள். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பினால் நுரை மேலேறி வெயிட் போடும் துளையை அடைக்கும். கேஸ்கட், வெயிட், அந்தத் துளை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து அடுப்பில் இருக்கப்போகிறது, நடுவில் ஆவி கசிந்தால் தண்ணீர் வற்றிவிடும்.

இடுக்கி, பழைய கத்தி ஒன்று, பெரிய வாயகன்ற பாத்திரம், மெல்லிய கண்ணுள்ள வடிகட்டி. மஞ்சள்தூள், கல் உப்பு, இரண்டு கைப்பிடி அரிசி மாவு அல்லது கடலை மாவு. சூப்புக்கு இஞ்சி ஒரு துண்டு, பூண்டு ஒரு முழுப் பூடு, சின்ன வெங்காயம் இருபது, தக்காளி ஒன்று, மிளகு, சீரகம், மல்லி, கறிவேப்பிலை, கொத்தமல்லி.

3. வாட்டி, சுரண்டி, கழுவுவது

கடையில் வாட்டித் தந்திருந்தாலும் வீட்டில் ஒருமுறை வாட்டத்தான் வேண்டும். கடையில் அவசரத்தில் மேற்பக்கம் மட்டும் பொசுங்கியிருக்கும். கால் துண்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூட்டு மடியும் இடத்திலும் குளம்புக்கு மேலேயும் வெள்ளையாகக் குச்சிமயிர் நின்றுகொண்டிருக்கும்.

சன்னலைத் திறந்துவிட்டு, துண்டுகளை இடுக்கியால் பிடித்து நேரடித் தீயில் காட்டுங்கள். மயிர் சுருண்டு கருகும் வரை காட்டினால் போதும். தோல் வெடித்துக் கரியாகும் வரை விடக்கூடாது. அந்தக் கரி பிறகு சூப்பில் கசப்பாக இறங்கும்.

சூடு இருக்கும்போதே கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டுங்கள். கூரான பக்கத்தால் சுரண்டினால் தோல் கிழிந்து போகும். அந்தத் தோலிலும் அதன் கீழே இருக்கும் நரம்பிலும்தான் சூப்புக்கு வேண்டிய பிசின் இருக்கிறது.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம்: குளம்பு இடுக்கு. குளம்பு போகாமல் இருந்தால் தீயில் நன்றாகச் சூடாக்கி, கத்தி முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பினால் கழன்று வரும். கழன்றதும் இரண்டு விரல்களுக்கும் நடுவில் இருக்கும் பிளவைக் கத்தியால் விரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு கொத்து மயிரும் கறுப்பு அழுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் காலிலும் இது இருக்கும். அந்தத் தோல் மடிப்பை மயிரோடு சேர்த்து வெட்டி எடுத்துவிடுங்கள். “எவ்வளவு கழுவியும் கொட்டில் வாடை போகவில்லை” என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இந்த இடம்தான் விட்டுப்போயிருக்கும்.

அப்புறம் மாவும் கல் உப்பும் மஞ்சள்தூளும் தூவி நன்றாகத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். மாவு கரியையும் வழுவழுப்பையும் இழுத்துக்கொண்டு வரும், கல் உப்பு சொரசொரப்பாக இருந்து தேய்க்க உதவும். வேகமாகத் திறந்த குழாயடியில் பிடித்துக் கழுவாமல் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கழுவுங்கள். பச்சை இறைச்சித் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் டம்ளர், தட்டுகள் மேல் தெறிக்காது. முடிந்ததும் தொட்டியையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

4. முதல் கொதியைக் கொட்டுவது

கழுவிய கால்களை வாயகன்ற பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் வையுங்கள். வெந்நீர் ஊற்றக்கூடாது. மெதுவாகச் சூடேறும்போதுதான் எலும்புக்குள் மிச்சமிருக்கும் ரத்தம் வெளியே கசிந்து நுரையாக மேலே வரும். எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் அது உள்ளேயே இறுகி, பிறகு குக்கருக்குள் கரைந்து சூப்பைக் கலக்கிவிடும்.

கொதி வந்ததும் சாம்பல் நிறத்தில் நுரை திரளும். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள். துண்டுகளை ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள்.

“சத்தெல்லாம் போய்விடாதா?” என்று இந்த இடத்தில் கேட்காதவர்கள் இல்லை. போகாது. சூப்புக்குக் கனம் தருவது தோல், நரம்பு, மூட்டு ஆகியவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம். நீண்ட நேரம் சூட்டில் இருந்தால்தான் அது ஜெலட்டினாக மாறித் தண்ணீரில் இறங்கும். ஐந்து நிமிடத்தில் இறங்குவது ரத்தமும் புகைக்கரியும் வாடையும்தான்.

5. வேகவைப்பது

இப்போது குக்கரில் கால் துண்டுகள், இரண்டு லிட்டர் புதுத் தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், தட்டிய இஞ்சி, பூண்டில் பாதி, சின்ன வெங்காயத்தில் பாதி. அவ்வளவுதான். உப்பு வேண்டாம், மிளகு வேண்டாம், மசாலாத்தூள் வேண்டாம்.

உப்பை நிறுத்திவைப்பதற்குக் காரணம், கடைசியில் எவ்வளவு சூப் மிஞ்சும் என்று இப்போது தெரியாது. பிறகு வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். மிளகை நிறுத்திவைப்பது மணத்துக்காக. ஒரு மணி நேரம் வெந்த மிளகில் காரம் இருக்கும், வாசனை இருக்காது. நுணுக்கிய மசாலா குக்கர் அடியில் பிடிக்கவும் செய்யும்.

மூடி போடாமல் ஒரு கொதி வரவிட்டு, மிச்ச நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு மூடுங்கள். முதல் விசில் வரும் வரை பெரிய தீ. விசில் வந்ததும் குக்கரைச் சின்ன பர்னருக்கு மாற்றி, தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம். பருமனான கால் என்றால் ஒன்றேகால் மணி நேரம்.

விசிலை எண்ணாதீர்கள். “பத்து விசில் விட்டேன், வேகவே இல்லை” என்பது தினமும் கேட்கும் புகார். பெரிய தீயில் பத்து விசிலும் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும். அதே குக்கரில் சின்னத் தீயில் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து விசில்தான் வரும். காலை வேகவைப்பது உள்ளே இருக்கும் சூடும் அது நீடிக்கும் நேரமும். குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை போகும், திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியோடு நின்றுவிடும். குக்கரில் ஒரு மணி நேரத்தில் முடிவது திறந்த பாத்திரத்தில் நாலைந்து மணி நேரம் எடுப்பது அதனால்தான். பாத்திரத்தில் வைப்பதாக இருந்தால் மூன்று லிட்டர் தண்ணீரில் தொடங்கி, தளதளவென்று கொதிக்காமல் லேசாகக் குமிழி விடும் தீயில் வையுங்கள். குறையும்போது வெந்நீர் சேர்க்க வேண்டும்.

அடுப்பை அணைத்த பின் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்ற வேண்டாம். அழுத்தம் திடீரென்று இறங்கினால் உள்ளே இருப்பது பொங்கிக் கொதிக்கும். கொழுப்பு சூப்போடு அடித்துக் கலந்து பால் நிறமாகும், துளை வழியே பிசுபிசுவென்று தெறிக்கும். தானாக அடங்கட்டும்.

திறந்ததும் இரண்டு சோதனை. மூட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அழுத்தினால் தோலும் நரம்பும் எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சூப்பில் ஒரு சொட்டை விரலில் எடுத்து ஆறவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிரித்தால் பசைபோல ஒட்டிப் பிரிய வேண்டும். ஒட்டாவிட்டால் இன்னும் கால் மணி நேரம் வையுங்கள்.

6. வடிகட்டி, கொழுப்பை எடுப்பது

துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டுச் சூப்பை மெல்லிய வடிகட்டியில் வடியுங்கள். அடியில் மிஞ்சும் கடைசி இரண்டு கரண்டியை ஊற்றாமல் விட்டுவிடுங்கள். எலும்புத் துகள் எல்லாம் அங்கேதான் தங்கும்.

மேலே மிதக்கும் கொழுப்பை எவ்வளவு எடுப்பது என்பது யார் குடிக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் வயதானவருக்கும் முக்கால்வாசியை எடுத்துவிடுங்கள், எளிதில் செரிக்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் இருக்கட்டும், மிளகின் மணம் அந்தக் கொழுப்பில்தான் பிடித்து நிற்கும்.

7. தாளித்து மசாலா சேர்ப்பது

மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லி ஒரு மேசைக்கரண்டி. அம்மியிலோ உரலிலோ கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்சியில் என்றால் இரண்டு சுற்று மட்டும். மாவாக அரைத்தால் கிண்ணத்தின் அடியில் சேறாகத் தங்கிக் கடைசி வாயில் தொண்டையைக் கமறவைக்கும்.

இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சின்னத் துண்டு பட்டை, கறிவேப்பிலை, நறுக்கிய மீதி வெங்காயம், தட்டிய மீதிப் பூண்டு போட்டு வதக்கி, தக்காளி சேர்த்துக் கரையும் வரை கிளறுங்கள். சூப்பையும் கால் துண்டுகளையும் ஊற்றி, இடித்த மசாலாவைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியில் உப்பு. உப்புப் போட்டு ஒரு நிமிடம் கழித்துச் சுவை பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னும் சேருங்கள். கொத்தமல்லி தூவி இறக்கிச் சூடாகக் குடிக்க வேண்டியதுதான்.

சோளமாவு கரைத்து ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நேரம் கொடுத்து வேகவைத்த சூப்புக்கு அது தேவையே இல்லை.

8. ஆறவைப்பதும் எடுத்துவைப்பதும்

இரண்டு மூன்று நாளைக்குக் குடிக்க நினைத்தால், தாளிக்காத வெறும் சூப்பாகவே எடுத்துவையுங்கள். குடிக்கும் நேரத்தில் வேண்டியதை மட்டும் எடுத்துத் தாளித்தால் மிளகு வாசனை புதிதாக இருக்கும், ஆளுக்கு ஏற்றபடி காரத்தையும் கூட்டிக்குறைக்கலாம்.

இங்கே ஒரு கண்டிப்பு. இரவு வைத்த சூப்பை மூடிப்போட்டு அடுப்பிலேயே விட்டு, காலையில் ஒரு கொதிவிட்டுக் குடிப்பது ஆபத்து. இறைச்சிச் சூப் மெதுவாக ஆறும்போது சில கிருமிகள் வேகமாகப் பெருகும். அவற்றின் வித்துகள் (ஸ்போர்கள்) கொதிக்கும் சூட்டையும் தாங்கக்கூடியவை. குக்கரைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தொட்டியில் வைத்துக் கிளறி ஆறவிட்டு, சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் இரண்டு மாதம் வைக்கலாம். திறக்காமல் வைத்திருந்த ஃபிரிட்ஜிலும் மின்சாரம் நாலு மணி நேரத்துக்கு மேல் இல்லையென்றால் அந்தச் சூப்பைக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

மறுநாள் காலை திறந்துபார்த்தால் சூப் கட்டியாகி, தட்டினால் அல்வா மாதிரி ஆடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெலட்டின் நன்றாக இறங்கியிருப்பதற்கு அதுவே சாட்சி. சூடாக்கினால் உடனே கரையும். மேலே வெளிர் மஞ்சளாக உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் தகடாகப் பெயர்த்து எடுப்பதும் இப்போது சுலபம். புளித்த வாடையோ மேலே நுரைக்குமிழியோ இருந்தால் கெட்டது.

9. சரியாக வராவிட்டால்

தண்ணியாக இருக்கிறதா? துண்டுகளை மறுபடி குக்கரில் போட்டு இன்னும் இருபது நிமிடம் வையுங்கள். அப்படியும் ஆகாவிட்டால் தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள், மூடியில்லாமல் வற்றவிடுங்கள். உப்புப் போட்ட பிறகு வற்றவிடாதீர்கள்.

கசந்தால் தோல் கருகியிருக்கும், அல்லது பூண்டு தீய்ந்திருக்கும். இதற்கு மாற்று கிடையாது. எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் மறைக்கலாம். உப்பு கூடினால் வெந்நீரும் கொஞ்சம் இடித்த மிளகும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கலங்கலாக இருந்தால் ருசிக்கு ஒன்றும் குறைவில்லை, அடுத்த முறை ஆவியைத் தானாக அடங்கவிடுங்கள்.

10. எந்த உடல்நிலைக்கு எப்படிக் கொடுப்பது

சளி பிடித்தவருக்கு: கொழுப்பை எடுத்த சூப்பில் மிளகைக் கூட்டி, இரண்டு பல் பூண்டு தட்டிப் போட்டு, ஆவி பறக்கக் கொடுங்கள். தூதுவளை இலை கிடைத்தால் முள் நீக்கி வதக்கி அரைத்துச் சேர்ப்பது நம் வீட்டு வழக்கம். சூடான சூப் மூக்கடைப்பை இளக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1978-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், சூடான கோழிச் சூப் குடித்தவர்களுக்கு மூக்குச் சளி நகரும் வேகம் கூடியது. அது சற்று நேர நிவாரணம். மூச்சுத் திணறலுக்கோ, நாள்கணக்கில் விடாத காய்ச்சலுக்கோ சூப்பை நம்பி உட்காரக்கூடாது.

எலும்பு முறிந்தவருக்கு: மாவுக்கட்டு போட்டாலும் புத்தூர் கட்டு போட்டாலும் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொல்வார்கள். கொடுங்கள், நல்லதுதான். ஆனால் அதில் கால்சியம் கொட்டிக்கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். எலும்பில் இருக்கும் கால்சியம் தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரையாது, வினிகர் ஊற்றினாலும் பெரிதாக இறங்காது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல். ஒரு கிண்ணம் சூப்பில் அதன் பக்கத்தில்கூட வராது. சூப்போடு கேழ்வரகுக் கூழ், பால், முருங்கைக்கீரை, முட்டை என்று கொடுத்தால்தான் எலும்பு கூடுவதற்கு வேண்டியது கிடைக்கும்.

மூட்டு வலிக்காரருக்கு: ஜெலட்டின் செரித்ததும் அமினோ அமிலங்களாகப் பிரிந்து உடம்பெங்கும் போகும், நேராக முழங்காலில் போய் உட்காராது. அது முழுமையான புரதமும் இல்லை. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. பருப்பும் முட்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் குறை தீரும். சைவம் சாப்பிடுபவர்கள் வருத்தப்பட வேண்டாம். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கைச் சுரண்டி நறுக்கி, இதே மிளகு சீரகம் போட்டுச் சூப் வைக்கிறார்கள்.

பிரசவமானவருக்கும் நோயில் மெலிந்தவருக்கும்: இங்கேதான் இந்தச் சூப்பின் பலன் கண்ணுக்குத் தெரியும். வாய் கசந்து சோறு இறங்காதவர் அரைக் கிண்ணம் சூப் குடிப்பார். நீர்ச்சத்தும் உப்பும் கொஞ்சம் புரதமும் சேரும், பசி திறக்கும். பிரசவமானவருக்குப் பூண்டைக் கூட்டி, ஒரு சிட்டிகை சுக்குத்தூள் போட்டு, காரத்தைக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால்.

11. பார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள்

யூரிக் அமிலம் கூடி, கால் கட்டைவிரல் வீங்கி வலிப்பவர்கள் தவிர்க்க வேண்டும். உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள், வேகும்போது இறைச்சியிலிருந்து தண்ணீரில் இறங்குகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பைப் பாதியாக்குங்கள். பித்தப்பைக் கல் இருந்தால் கொழுப்பு முழுவதையும் எடுத்துவிட வேண்டும்.

ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு வயது வரை கொடுப்பதானால் உப்பும் மிளகும் சேராத வெறும் சூப்பை எடுத்து, கொழுப்பு நீக்கி, துணியில் இன்னொரு முறை வடிகட்டி, சோற்றில் பிசைந்து இரண்டு மூன்று கரண்டி கொடுங்கள். பெரிய குழந்தைகளின் தட்டில் எலும்போடு துண்டு வைத்தால், அதைத் தின்று முடிக்கும் வரை பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.